எங்கள் கேள்விகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள்: கஸ்டமர் சக்சஸ் பணிக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கஸ்டமர் சக்சஸ் குழுக்களின் தலைவர்களுக்கும், அந்தக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

கடந்த 7 மாதங்களில் 11 நிறுவனங்களின் நேர்காணல்களுக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லாம் ஒரே பதவிக்குத்தான்: கஸ்டமர் சக்சஸ் மேனேஜர், அதாவது மென்பொருளை வாங்கிய வாடிக்கையாளர் அதனால் பயன்பெற்றுத் தொடர்ந்து நீடிக்கும்படி பார்த்துக்கொள்பவர். அதற்கு முன் 6 ஆண்டுகள் இதே துறையில் இருந்தேன். முதலில் தொழில்நுட்ப உதவிப் பிரிவு, பிறகு வாடிக்கையாளர் நிறுவனங்களை நேரடியாகக் கவனிக்கும் பொறுப்பு. எங்கள் குழுவையே கலைத்தபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருவர். என்னைப் போல வேலை தேடிக்கொண்டிருக்கும் ஆறு பேரோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன். யாருக்கு எத்தனையாவது சுற்று, என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் சறுக்கினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அந்தப் பேச்சுகளிலிருந்து பிறந்ததுதான் இந்த மடல்.

இது எங்களுக்குப் பிடித்த வேலை. மென்பொருளை வாங்கிவிட்டுத் திணறும் ஒரு வாடிக்கையாளருடன், அவர் நினைத்த காரியம் நடக்கும்வரை கூடவே நிற்கிறோம். ஆண்டு முடிவில் அவரே அழைத்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார். அந்த நாளின் நிறைவை அனுபவித்தவர்கள் இந்த வேலையை எளிதில் விடமாட்டார்கள். அதனால்தான் அதற்குள் நுழையும் வாசலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறோம்.

எங்கள் குறை ஒன்றுதான்: நீங்கள் எங்களைக் கேட்க விடுவதில்லை. வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்த வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் நாங்கள் ஏழு பேரும் கடந்துவந்த நேர்காணல்களில் பெரும்பாலானவற்றில், எங்கள் கேள்விகளுக்கு மிஞ்சியது கடைசி இரண்டு மூன்று நிமிடம். அதிலும் பாதி, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதிலிலேயே போய்விடும்.

ஒரு மாதிரி அழைப்பைச் சொல்கிறேன். மூன்றாம் சுற்று, வீடியோவில். நேர்காணல் செய்தவர் வாடிக்கையாளர் நிறுவனத்தின் செயல்பாட்டுத் தலைவராக நடிப்பார். நான் அவரைக் கவனிக்கும் மேனேஜர். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. மென்பொருளின் பயன்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் கோபமாக இருக்கிறார். "இதற்கு மேல் எங்களுக்கு இது தேவையா என்றே தெரியவில்லை" என்று தொடங்கினார். நன்றாக நடித்தார், எனக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்தது.

நான் கேட்கத் தொடங்கினேன். பயன்பாடு எந்த மாதத்திலிருந்து குறைந்தது? எல்லாப் பிரிவிலுமா, ஒரு பிரிவில் மட்டுமா? முன்பு தினமும் நுழைந்தவர்களில் யாராவது வேலையை விட்டுப் போனார்களா? அந்த வேலையை இப்போது வேறு எதில் செய்கிறீர்கள்? நான்காவது கேள்விக்கு அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்தார். "கேள்வி போதும், தீர்வைச் சொல்லுங்கள்" என்றார். சரி என்று, எல்லோருக்கும் மறுபயிற்சி வகுப்பு நடத்துவதாகச் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். சொல்லும்போதே அது வெறும் வார்த்தை என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது: முன்முயற்சி போதவில்லையாம்.

பயன்பாடு பாதியாகக் குறைந்தது என்பது ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. உள்ளே எங்கள் மென்பொருளுக்காக வாதாடிக்கொண்டிருந்த ஒருவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். புதிதாக வந்த நிதித் தலைவர் செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். அந்தத் தொழிலுக்கே அது மந்தமான பருவமாக இருக்கலாம். அவர்களுடைய வேறொரு மென்பொருளோடு இதை இணைத்துவிட்டதால், யாரும் நேரடியாக நுழைய வேண்டிய தேவையே இல்லாமல் போய், நம் அறிக்கையில் மட்டும் குறைவாகத் தெரியலாம். கடைசியாகச் சொன்னது எனக்கு உண்மையில் நடந்தது. சிவப்பு நிறத்தில் எச்சரித்துக்கொண்டிருந்த அந்த அக்கவுண்ட்தான் (ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனத்தையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அந்த ஆண்டு எங்களிடம் மிக ஆழமாக ஊன்றியிருந்த வாடிக்கையாளர். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வாதாடுபவரை இழந்த நிறுவனத்தில் மறுபயிற்சி வகுப்பு வைத்தால் இரண்டு பேர் வருவார்கள். அவர்களும் நடுவில் எழுந்து போவார்கள். கேட்காமல் மருந்து எழுதுபவரை நீங்கள் தேர்ந்தெடுத்தால், உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் அதே வைத்தியம்தான் நடக்கும்.

இன்னொரு வகை நேர்காணலில் கேள்வி கேட்க ஆளே இருக்காது. திரையில் ஒரு கேள்வி வரும், கீழே 90 விநாடி ஓடத் தொடங்கும், கேமராவைப் பார்த்து நாமே பேசிக்கொண்டிருக்க வேண்டும். எங்களில் ஒருவர், 9 ஆண்டு அனுபவம் உள்ளவர், இரண்டாவது கேள்வியின் நடுவில் நிறுத்திவிட்டு வெளியேறினார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச்சின் போக்கை மாற்றத் தெரிந்ததுதான் தன்னுடைய திறமை, அதைக் காட்ட இங்கே இடமில்லை என்றார். இந்தப் பணிக்கு மட்டுமாவது தயவுசெய்து அந்த முறையைக் கைவிடுங்கள். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன என்பது எங்களுக்கும் தெரியும். பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு போதும். ஒரு மனிதர் பேசினால் போதும்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் மனம்போன போக்கில் நடத்தும் பேச்சைவிடச் சிறந்தது என்பது ஆய்வாளர்களிடையே வெகு காலமாக நிலைத்த முடிவு. 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து அதைச் சொன்னார்கள். 2022இல் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது பல முறைகளின் மதிப்பு இறங்கியது. ஆனாலும் ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் 0.42 என்ற அளவோடு பட்டியலின் முதலிடத்தில் நின்றது. தேர்வில் பெறும் மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலையைச் செய்யும் திறனுக்கும் உள்ள தொடர்பின் அளவு அது; முழுமையாகப் பொருந்தினால் 1. ஒழுங்கில்லாத நேர்காணலுக்கு 0.19. இதை நான் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. எங்களில் இருவர் ஒரே நிறுவனத்தில், ஒரே வாரத்தில், ஒரே பதவிக்குப் போனார்கள். ஒருவரிடம் கடினமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று விரிவாகக் கேட்டார்கள். மற்றவரிடம் பொழுதுபோக்கு என்ன, ஐந்து ஆண்டில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, 'குழுவோடு ஒட்டுவாரா என்று தெரியவில்லை' என அனுப்பிவிட்டார்கள். அளவுகோல் வையுங்கள். அதில் ஒரு வரி, 'விண்ணப்பதாரர் கேட்ட கேள்விகளின் தரம்' என்று இருக்கட்டும்.

இனி அசைன்மென்ட், அதாவது நேர்காணலின் பகுதியாக வீட்டில் செய்துதரச் சொல்லும் மாதிரி வேலை. எங்கள் வாராந்தரப் பேச்சில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது இதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை வரும், திங்கட்கிழமை காலைக்குள் கேட்பார்கள். முதல் 90 நாள் திட்டம், ஆன்போர்டிங் (புது வாடிக்கையாளரை மென்பொருளுக்குப் பழக்குவது) படிநிலைகள், காலாண்டு மீளாய்வுக்கான ஸ்லைடுகள், விலகப்போகும் வாடிக்கையாளருக்கு மூன்று மின்னஞ்சல்கள். ஒழுங்காகச் செய்தால் 14, 15 மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது. திங்களன்று 20 நிமிடம் விளக்கினேன். நன்றி சொன்னார்கள். அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. கைக்குழந்தை இருப்பவரும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரும், இப்போதும் ஒரு வேலையில் இருந்துகொண்டே தேடுபவரும் அந்த 15 மணி நேரத்துக்கு எங்கே போவார்கள்? அவர்கள் முதல் சுற்றிலேயே மனதுக்குள் விலகிவிடுகிறார்கள். உங்களுக்கு அது தெரியவும் தெரியாது.

எங்களில் ஒரு பெண்ணுக்கு வந்த கோப்பு இன்னொரு வகை. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பயன்பாட்டு எண்கள், புகார் வரலாறு, ஒப்பந்தத் தொகை எல்லாம் அதில் இருந்தன. பெயரை மறைத்திருந்தார்கள். ஆனால் 212ஆவது வரியில், ஒரு புகாரின் உள்ளே மட்டும், மறைக்க மறந்துவிட்டார்கள். அது நேர்காணல் நடத்திய நிறுவனத்தின் உண்மையான வாடிக்கையாளர். அந்தப் பெண் கோப்பை மூடினார். தன் கணினியிலிருந்து அழித்தார். 'உங்கள் வாடிக்கையாளரின் தகவல் இதில் வெளிப்பட்டிருக்கிறது, வேறு யாருக்கும் அனுப்பும் முன் சரிபாருங்கள், எனக்குக் கற்பனையான தரவுகளோடு வேறு பணி கொடுங்கள்' என்று எழுதினார். பதில் வரவேயில்லை. என்னைக் கேட்டால், அந்த மின்னஞ்சலைப் படித்த நிமிடமே அவரை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கையைத் தன் வேலைவாய்ப்பைவிட மேலாக வைத்தார். இதைவிட என்ன அசைன்மென்ட் வேண்டும்?

ஆகவே கேட்கிறேன்: கற்பனை வாடிக்கையாளர், கற்பனை எண்கள், அதிகபட்சம் இரண்டு மணி நேர வேலை. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊதியம் கொடுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே சொல்லுங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த இருவர் மூவரிடம் மட்டும் கேளுங்கள்.

நாங்கள் கேட்க விரும்பும் கேள்விகள் சாதாரணமானவை. ஒருவர் கையில் எத்தனை அக்கவுண்ட் இருக்கும்? 20 பெரிய நிறுவனங்களைக் கவனிப்பதும் 300 சிறிய நிறுவனங்களைக் கவனிப்பதும் ஒரே வேலை இல்லை. முன்னது உறவு, பின்னது பெரும்பாலும் தானியங்கி மின்னஞ்சல்களை வடிவமைப்பது. ஒப்பந்தப் புதுப்பிப்பு இலக்கு விற்பனைக் குழுவின் தலையிலா, எங்கள் தலையிலா? கூடுதல் விற்பனைக்கும் இலக்கு உண்டா? சம்பளத்தில் எவ்வளவு பங்கு அந்த இலக்கைச் சார்ந்தது? நள்ளிரவில் மென்பொருள் விழுந்தால் முதல் அழைப்பு யாருக்கு வரும்? எங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார்?

கடைசிக் கேள்வியை நான் 11 இடத்திலும் கேட்டேன். நேரான பதில் இரண்டு இடத்தில் மட்டுமே வந்தது. ஓர் இடத்தில், 'அவருக்கு 80 அக்கவுண்ட் கொடுத்திருந்தோம், தாங்கவில்லை, இப்போது 45ஆகக் குறைத்திருக்கிறோம்' என்று சொன்னார்கள். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு உடனே மரியாதை வந்தது. மற்ற இடங்களில் எல்லாம், 'நாங்கள் வேகமாக வளர்கிறோம்.'

இந்தக் கேள்விகள் ஏன் அவசியம் என்றால், இந்தப் பதவியின் பெயர் ஓர் அகலமான குடை. மென்பொருளை முழு விலையையும் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக விற்ற காலத்தில், பணம் வந்ததோடு நிறுவனத்தின் கவலை தீர்ந்தது. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்கள் மென்பொருளை இணையம் வழியாகச் சந்தா முறையில் விற்கப்போய், வாடிக்கையாளர் எந்த ஆண்டும் எழுந்து போகலாம் என்ற நிலை வந்தது. அவரை இருக்கவைக்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளின் வேலை என்ன என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு எழுதிக்கொண்டது. எங்களில் ஒருவர் இதே பெயருள்ள பதவியில் சேர்ந்து, முதல் வாரத்திலேயே தனக்குக் கொடுத்த பட்டியல் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் என்று கண்டுகொண்டார். தினமும் அழைத்துப் பணம் கேட்க வேண்டும். ஐந்தாவது மாதம் விலகினார். நேர்காணலில் அவர் கேட்டிருந்தார். 'வாடிக்கையாளரோடு தொடர்ந்து தொடர்பில் இருப்பீர்கள்' என்று பதில் சொன்னார்களாம். அந்த ஐந்து மாதம் அவருக்கும் வீண், அவர்களுக்கும் வீண்.

நல்ல நேர்காணல்களும் இருந்தன என்பதையும் எழுத வேண்டும். ஓர் இடத்தில், மாதம் 3 சதவீத வாடிக்கையாளர்கள் விலகினால் ஆண்டில் எத்தனை சதவீதம் போவார்கள் என்று நேர்காணல் செய்தவர் கேட்டார். ஏறத்தாழ 31 என்றேன். 36 இல்லையா என்றார். மாதாமாதம் மிச்சமிருப்பவர்களில்தானே 3 சதவீதம் போகிறார்கள், 100 பேரில் 12 மாதம் கழித்து 69 பேர் இருப்பார்கள் என்று விளக்கினேன். அவர் கால்குலேட்டரை எடுத்து 0.97ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எங்கள் அறிக்கையில் 36 என்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறோம், இன்றே மாற்றச் சொல்கிறேன்" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை பார்ப்பவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பதவி இன்னொருவருக்குப் போனது. எனக்கு வருத்தம் இருந்தது, மனக்கசப்பு இல்லை.

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. முதல் பேச்சிலேயே வரம்பைச் சொல்லிவிடுங்கள். பழைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு இந்த இரண்டையும்தான் சொல்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது?

மௌனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் ஐந்து சுற்று முடித்தேன். ஆறாவது, தலைமை நிர்வாகியுடன், வியாழக்கிழமை 11 மணிக்கு என்று நாட்காட்டியில் அழைப்பு வந்திருந்தது. புதன்கிழமை இரவு அவருடைய பேட்டிகளை எல்லாம் படித்துக் குறிப்பெடுத்தேன். வியாழன் காலை நாட்காட்டியைத் திறந்தால் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. மின்னஞ்சல் இல்லை, அழைப்பு இல்லை. எழுதினேன். மறுபடி எழுதினேன். ஒரு மாதம் கழித்து அதே வேலைக்கான விளம்பரம் புதிய தேதியோடு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவருக்கு ஆள் எடுப்பது பற்றி முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதை 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். எத்தனை பேர் இப்படி வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஓர் அரசு இதற்கு விதி எழுதும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வாடிக்கையாளர்களிடம் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறீர்கள். 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் அறிமுகப்படுத்திய முறை அது. 6க்குக் கீழே வந்தாலும் சரி, 6 வந்தாலும் சரி, அந்த வாடிக்கையாளரை அதிருப்தியாளர் என்று குறித்து, என்ன நடந்தது என்று விசாரிக்கிறீர்கள். அந்த விசாரிப்பைச் செய்வதே எங்கள் வேலை. நீங்கள் வேண்டாம் என்று அனுப்பியவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். எங்கள் ஏழு பேரில் ஒருவரிடமும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் நாளை வேறொரு நிறுவனத்தில் உட்கார்ந்து, எந்த மென்பொருளை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லும் இடத்திலும் இருப்போம்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. ஒன்பதாவது நிறுவனத்தின் குழுத் தலைவி அவர். எனக்கு ஐந்து மின்னஞ்சல்கள் அடங்கிய ஒரு கோப்பு கொடுத்தார். கற்பனை வாடிக்கையாளர் என்று மேலேயே எழுதியிருந்தது. அரை மணி நேரம். "என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டாம், இவரிடம் என்னவெல்லாம் கேட்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். பிறகு, "இப்போது என்னிடம் கேளுங்கள்" என்று தன்னுடைய அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்தார். அக்கவுண்ட் எண்ணிக்கை, இலக்கு, முந்தையவர் போன காரணம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

இரண்டாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. "பயன்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டதெல்லாம் நன்றாக இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் யார் என்று கேட்கவே இல்லை. மென்பொருளைத் தினமும் பயன்படுத்துபவர் சந்தோஷமாக இருப்பார், பணம் கொடுப்பவருக்கு உங்கள் பெயரே தெரியாது. அங்கேதான் புதுப்பிப்பு நழுவும்" என்றார். மொத்தம் ஆறு நிமிடம். 6 ஆண்டு வேலையில் என் கையை விட்டுப் போன மூன்று பெரிய அக்கவுண்டுகளும் அந்த நிமிடம் கண் முன்னால் வந்தன. மூன்றிலும் அதுதான் நடந்தது.

வரும் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது நிறுவனத்துக்குப் போகிறேன். அங்கேயும் ஒரு மாதிரி அழைப்பு இருக்கிறதாம். குறிப்பேட்டின் முதல் வரியில் அந்தக் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். அழைப்பை நடத்தப்போகிறவர் இந்த மடலைப் படித்திருந்தால், நான் அதைக் கேட்டு முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
வேலை தேடிக்கொண்டிருக்கும் ஏழு பேரில் ஒருவர்